ஜமீலா மேடம் திருத்திய சொல்

செய்தி வந்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்காதவர்களின் வரிசையில் நானும் ஒருவன். திருத்தும் கூடத்துக்குள் கைப்பேசியைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் வாசலில் காவலரிடம் கொடுத்து வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து வாங்கிப் பார்த்தால், போத்தனூரிலிருந்து யூசுப் பலமுறை அழைத்திருந்தார். ஜமீலா மேடத்தின் தம்பி. திருப்பி அழைத்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அக்கா மவுத்தாயிட்டாங்க சார். காலையில டீ கொண்டுபோய்க் குடுத்தா எந்திரிக்கலை. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு அடக்கம். உங்களுக்குச் சொல்லோணும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்க."

துக்கம் உடனே வரவில்லை. முதலில் வந்தது ஓர் அலுப்பு. பாதி வாக்கியம் சொன்னால் மீதியைப் புரிந்துகொள்ளும் ஒருவர் இல்லாமல் போனார். இனி யாரிடம் பேசினாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டும் என்கிற அலுப்பு. மிச்சமிருந்த தாள்களைத் திருத்தாமலே கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

நம் பாலிடெக்னிக்கின் பழைய மாணவர்கள் கூடும்போது அவரைப் பற்றி எழுதிப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். உங்களில் பலர் அவரிடம் பொருள் வலிமையியல் படித்தவர்கள். ஒரு கம்பியை எவ்வளவு இழுத்தால் நீளும், எவ்வளவு இழுத்தால் அறும் என்று சொல்லித்தரும் பாடம். சுண்ணாம்புக்கட்டி படாமலிருக்க அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்வதும், பின் பெஞ்சில் பேசுகிறவரை "ஏனுங்க தம்பி, அந்தக் கதையை முடிச்சுப்போட்டுச் சொல்லுங்க, நான் காத்திருக்கறேன்" என்று கேட்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். அவருக்கு வகுப்பறைக்கு வெளியே நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அவருடைய அப்பா டவுன்ஹால் பக்கம் போல்ட், நட்டு விற்கும் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேடம் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருப்பாராம். அதனாலோ என்னவோ, தமிழில் தொழில்நுட்பம் எழுதுவது என்றதும் கிளம்புகிற வீராவேசம் அவரிடம் இருந்ததே இல்லை. நம் கல்லூரிக்காகக் கலைச்சொல் கையேடு ஒன்று தயாரிக்கும்படி முதல்வர் எங்கள் இருவரிடமும் சொன்னபோது, நான் ஆர்வக்கோளாறில் போல்ட்டுக்கு ஒரு சொல், வாசருக்கு ஒரு சொல், பேரிங்குக்கு ஒரு சொல் என்று உருவாக்கிக்கொண்டு போனேன். படித்துப் பார்த்துச் சிரித்தார்.

"போல்ட்டை போல்ட்டுன்னே எழுதுங்க சார். உங்க சொல்லை எழுதிக்கிட்டுப் போயி எங்கப்பா கடையில கேட்டா, இல்லைன்னு அனுப்பிச்சுப்போடுவாரு."

"அப்புறம் எதுக்குத்தானுங்க தமிழ்ல சொல்லு?"

"கையில புடிக்கிற சாமானுக்குக் கடைக்காரரு பேரு வச்சுக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததுக்குத்தான் நாம பேரு வைக்கோணும்."

விசை, ஆற்றல், திறன், உந்தம், தகைவு, திரிபு. கண்ணுக்குத் தெரியாதவை எல்லாம் அவருடைய பங்கு. கண்ணுக்குத் தெரிகிற எந்திர உறுப்புகள் என் பங்கு. அந்த ஒரு பிரிவினையிலேயே கடினமான வேலை முழுவதையும் அவர் எடுத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வகுப்பில் அவர் திரிபு என்ற சொல்லை நடத்திய நாள் நினைவிருக்கிறது. பக்கத்து வகுப்பில் நான் இருந்தேன். இடையில் ஒரு பலகைத் தடுப்புதான். அன்னூர்ப் பக்கமிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, "மேடம், திரிபுன்னா பாலு திரிஞ்சு போறதுங்களா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

"அதேதானுங்க. பாலு பழைய மாதிரி இல்லாம மாறிப்போச்சுன்னா திரிஞ்சுபோச்சுங்கறோம். கம்பி பழைய நீளத்துல இல்லாம மாறிப்போச்சுன்னா அதுவும் திரிபு. ஒரே ஒரு வித்தியாசம். கம்பியை அளவா இழுத்து விட்டா பழையபடி வந்துரும். பாலு வராது. எந்த அளவு வரைக்கும் இழுத்தாத் திரும்பி வரும்கிறதுதான் நாளைப் பாடம்."

தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மாணவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பாடத்தை நிறுத்திவிட்டிருந்தேன்.

கையேடு வெளிவந்தது. சிறிய புத்தகம், மெல்லிய அட்டை. அதை யாரும் கொண்டாடவில்லை. ஆனால் நம் மாணவர்கள் வேலைக்குப் போன பட்டறைகளுக்கெல்லாம் அதுவும் கூடவே போனது. நாங்கள் எதிர்பார்த்ததைவிட அது அதிகமாகவே புழங்கியது.

அதில்தான் வந்தது வினை.

கணபதி வட்டாரத்தில் ஒரு பவுண்டரி. இரும்பை உருக்கி லேத் எந்திரங்களுக்கு அடிப்பாகம் வார்க்கிறவர்கள். கனமான வார்ப்புகளைச் சங்கிலியில் மாட்டித்தான் தூக்க வேண்டும். நம்மிடம் படித்த கார்த்தி அங்கே மேற்பார்வையாளராக இருந்தார். சங்கிலியோடு வந்த சான்றிதழில் இரண்டு எடைகள் ஆங்கிலத்தில் குறிக்கப்பட்டிருந்தன. ஒன்று, சங்கிலி அறுந்துபோகும் எடை: நான்கு டன். இன்னொன்று, வேலையின்போது அதில் ஏற்றத் தக்க எடை: ஒரு டன். தொழிலாளர்களுக்குப் புரியட்டும் என்று நல்ல எண்ணத்தோடுதான் கார்த்தி கையேட்டைப் பார்த்து இரண்டையும் தமிழில் பலகையாக எழுதி மாட்டினார். "தாங்கு சுமை: 4 டன். வேலைச் சுமை: 1 டன்."

கையேட்டில் அப்படித்தான் இருந்தது. ஒரு பொருள் அறுவதற்குமுன் அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்பதால் தாங்கு சுமை. வேலையின்போது ஏற்றுவதால் வேலைச் சுமை. மேசையில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் சரியாகவே தோன்றும். மதிப்புரைக்கு அனுப்பிய இடங்களிலிருந்து ஓர் ஆட்சேபமும் வரவில்லை.

ஒரு காலையில், இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வார்ப்பை அந்தச் சங்கிலியில் தூக்கினார்கள். சங்கிலியை இயக்கியவர் வேலுசாமி. கீழே நின்று வார்ப்பைக் கையால் திருப்பிக்கொடுத்தவர் ரங்கன். தேய்ந்த சங்கிலி. பாதி உயரத்தில் அறுந்தது. ரங்கன் அங்கேயே போய்விட்டார்.

கவனக்குறைவால் சாவு நேர்ந்தது என்று வேலுசாமிமேல் வழக்குப் போட்டார்கள். நிர்வாகம் சொன்னது இதுதான்: பலகையில் தமிழிலேயே எழுதிப் போட்டிருக்கிறோம், ஒரு டன்னுக்கு மேல் ஏற்றியது அவன் குற்றம். கார்த்தி என்னைத் தொலைபேசியில் அழைத்து அழுதார். "அந்த வார்த்தையை நானா உண்டாக்கலைங்க சார். மேடம் புத்தகத்தைப் பாத்துத்தானுங்க எழுதினேன்."

நான் மேடத்திடம் சொன்னேன். மறுநாளே அந்தப் பட்டறைக்குப் போக வேண்டும் என்றார். இருவரும் போனோம். வேலை நின்றிருந்தது, தொழிலாளர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் பலகைக்கு முன்னால் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இதைப் படிச்சா உங்களுக்கு என்னங்க தோணுது?"

"நாலு டன்னு தாங்கும்னு போட்டிருக்குதுங்க."

"கீழ இருக்கறது?"

அவர் யோசித்தார். "வேலைச் சுமைன்னு இருக்குதுங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு வேலைன்னு கணக்கா இருக்கும்ங்க. அது ஆபீஸ்காரங்க சமாச்சாரம், நாங்க பாக்கறதில்லைங்க."

மேடம் அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரு மோல்டிங் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். சேலையெல்லாம் கரி. தண்ணீர் கேட்டார், கொண்டுவந்து கொடுத்ததும் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். திரும்பும் வழியில், காந்திபுரத்தில் பேருந்தை விட்டு இறங்கும்போது, "அந்தப் பையனுக்காக நான் கோர்ட்டுல சாட்சி சொல்லோணும் சார். யாருகிட்டக் கேக்கறதுன்னு பாருங்க" என்றார். பையன் என்று அவர் சொன்னது வேலுசாமியை. அவருக்கு அப்போதே நாற்பது வயதிருக்கும்.

கல்லூரியில் இது பிடிக்கவில்லை. முதல்வர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர்.

"மேடம், கையேடு நம்ம காலேஜ் பேருல வந்தது. நீங்க போயி வார்த்தை தப்புன்னு சொன்னா நாளைக்கு நம்ம தலைமேல வரும். அறுந்தது அவங்க சங்கிலி. போட்டது அவங்க பலகை. நீங்க எதுக்குக் குறுக்க போறீங்க?"

"வார்த்தை என்னோடதுங்க."

"ஆயிரம் வார்த்தையில ஒண்ணு."

"மத்ததுல ஆரும் சாகலைங்க."

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். கல்லூரிப் பெயரில் இல்லாமல் தன் சொந்தப் பெயரில் போகிறேன், அன்றைக்கு விடுப்பு எழுதித் தந்துவிடுகிறேன் என்று மேடமே முடித்தார்.

வழக்கு இழுத்தது. வாய்தா, வாய்தா என்று ஒவ்வொரு முறையும் போய் உட்கார்ந்துவிட்டு வருவோம். நீதிமன்ற வராந்தாவில் வேலுசாமி எங்களிடமிருந்து தள்ளியே நிற்பார். நெடுநாள் வரை மேடம் யார் என்றே அவருக்குப் புரிந்திருக்கவில்லை. கம்பெனி தரப்பு ஆள் என்று நினைத்திருந்தாராம்.

ஒருவழியாக மேடத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். அரசு வக்கீல் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "இந்தச் சொல்லை எழுதினவங்க நீங்க. இப்ப நீங்களே தப்புங்கறீங்க. அப்ப எழுதும்போது உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியலைங்க."

"எத்தனை வருஷமாப் பாடம் நடத்தறீங்க?"

மேடம் சொன்னார். வக்கீல் நீதிபதியின் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "எந்த அகராதியைப் பாத்து எழுதினீங்க?"

"எல்லா அகராதியையும் பாத்துத்தானுங்க எழுதினேன். ஆளைப் பாத்து எழுதியிருக்கோணும்."

நீதிபதி அதுவரை எழுதிக்கொண்டே இருந்தவர், பேனாவை வைத்துவிட்டார். இரண்டு எடைக்கும் என்ன வித்தியாசம், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றார். மேடம் வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னார்.

"ஐயா, ஒரு சங்கிலி நாலு டன்னுல அறும்னு வச்சுக்குங்க. அதுல நாலு டன்னு தொங்கவிடக் கூடாதுங்க. மூணும் கூடாது. தூக்கும்போது ஒரு குலுக்கல் இருக்கும், சங்கிலி தேஞ்சிருக்கும், வார்ப்பு ஒரு பக்கமாச் சாயும். அதுக்கெல்லாம் இடம் விட்டு, நாலுல ஒரு பங்குதான் ஏத்தோணும். அந்த ஒரு டன்னுதான் உண்மையிலேயே அது தாங்குற எடை. நாலு டன்னுங்கறது அறுக்குற எடை. நான் அறுக்குற எடையைத் தாங்குற எடைன்னு எழுதிப்போட்டேன். அவரு படிச்சாரு. படிச்சபடியே நம்புனாரு. படிக்காம இருந்திருந்தாக்கூடப் பயந்திருப்பாருங்க."

அப்போதுதான் வேலுசாமி முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

வேலுசாமி விடுதலையானார். சங்கிலி நாள்பட்டது, நிர்வாகம் அதைச் சோதித்திருக்க வேண்டும் என்பதும் தீர்ப்பில் இருந்தது. மேடம் அதைக் கேட்டு மகிழ்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் கையேட்டை விநியோகிப்பதை நிறுத்தினார்கள். துறைத் தலைவர் பொறுப்பு அவருக்கு வர வேண்டியது, வேறொருவருக்குப் போயிற்று. யாரும் காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஓய்வறையில் சிலர் அவரைக் கண்டால் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அது அவரை வருத்தியது என்பதை, மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்விடுவதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

தீர்ப்பு வந்த பிறகு ரங்கனின் மனைவி செல்வியைப் பார்க்கப் போனார். துணைக்கு என்னையும் அழைத்தார். கணபதியில் ஒரு லைன் வீடு. செல்வி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே கேட்டார். மேடம் எதையும் மறைக்கவில்லை. பலகையில் இருந்த சொல் தன்னுடையது என்றார்.

"நீங்க எழுதினதுன்னு சொல்றீங்க அம்மணி. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அவருக்கும் தெரியாது. வேலு அண்ணன் 'தாங்கும், நில்லு'ன்னு சொன்னாருன்னு நின்னாரு. அவ்வளவுதானுங்க எனக்குத் தெரியும்."

அது மன்னிப்பும் அல்ல, குற்றச்சாட்டும் அல்ல. காபி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தோம். தெருமுனைக்கு வந்ததும் மேடம் நின்றார். "படிக்கத் தெரியாதவருக்கும் ஆராவது படிச்சுச் சொல்லுவாங்கல்ல சார். அவரு வாயில போயி உக்காரும் அந்தச் சொல்லு. அங்கயும் அது சரியா இருக்கோணும்."

அதற்குப் பிறகான வருடங்களை எப்படிச் சொல்வது? சொல்வதற்குச் சுவாரசியமாக ஒன்றும் இல்லை. விடுமுறை நாட்களில் பட்டறை பட்டறையாகப் போனார். சுவரில் எழுதியிருப்பதைக் காட்டி, இதைப் படித்தால் என்ன தோன்றுகிறது என்று தொழிலாளர்களைக் கேட்டார். அவர்கள் சொல்வது எழுதியிருப்பதோடு பொருந்தவில்லை என்றால் முதலாளியைப் பார்த்து மாற்றச் சொன்னார். சிலர் மாற்றினார்கள். பலர் காபி கொடுத்து அனுப்பினார்கள். "வேலையைக் கெடுக்காதீங்க மேடம்" என்று கேட்டிலேயே நிறுத்தியவர்களும் உண்டு. நான் சிலமுறை கூடப் போனேன். வெயில், புழுதி, எங்கே போனாலும் அதே கேள்வி, அதே பதில். எனக்கு அலுத்துப்போயிற்று. அவருக்கும் அலுத்துத்தான் இருந்தது. அவர் உற்சாகத்தோடு இதைச் செய்தார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், "இன்னிக்கும் போகோணுமா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டுதான் செருப்பை மாட்டுவார்.

வேலைச் சுமை என்ற சொல்லுக்குப் பதிலாக அவர் எழுதச் சொன்னது, "இதற்கு மேல் தூக்கக் கூடாது: 1 டன்". அறும் எடையைப் பலகையில் எழுதவே வேண்டாம் என்றார். துறைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார், "இது கலைச்சொல்லுங்களா மேடம்? முழு வாக்கியமா இருக்குதே."

"சொல்லு பத்தலைன்னா வாக்கியம் எழுதுங்க சார். மை ஒண்ணும் தீந்துபோயிடாது."

ஓய்வு பெற்றபின் போத்தனூரில் தம்பி வீட்டோடு போய்விட்டார். இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியிருந்தது. அதிகம் நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கடைசியாக நான் பார்க்கப் போனது சென்ற மழைக்காலத்தில். வீட்டுக்குள் நுழைந்தால், நாற்காலியில் அவருக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் பிஜய், ஒடிசாக்காரர், பக்கத்துப் பட்டறையில் வெல்டர். இரண்டு பேரும் தாளில் கொக்கி, சங்கிலி, உருளை என்று படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடத்துக்கு ஒடியா தெரியாது. பிஜய்க்குத் தமிழ் கொஞ்சம்தான். படத்தைக் காட்டி மேடம் கேட்பார். அவர் ஒரு சொல் சொல்வார். மேடம் அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். பிஜய் போனதும் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அசந்து வருதுங்க சென்னியப்பன் சார். தமிழ்ல ஒரு சொல்லைச் சரி பண்ணி முடிக்கறதுக்குள்ள, பட்டறையில ஆளுங்களே மாறிப்போயிட்டாங்க. இப்ப அங்க பாதிப் பேருக்குத் தமிழே படிக்கத் தெரியாது. மறுபடியும் மொதல்ல இருந்து."

"உட்டுப்போடுங்க மேடம். உடம்பைப் பாருங்க. வேற ஆராச்சும் செய்வாங்க."

"செய்வாங்க. நான் ஒருத்திதான்னு எனக்கு ஒண்ணும் நினைப்பில்லைங்க. ஆனா அவங்க வர்றதுக்குள்ள ஒருத்தரு அடியில போயி நின்னுட்டாருன்னா?"

எனக்குத் தெரிந்த ஆறுதல் அவருடைய பாடத்திலிருந்தே எடுத்ததுதான். உலோகங்களில் அயர்வு என்று ஒன்று உண்டு, பெரிய பாரத்தைத் தாங்கிய கம்பிகூடச் சின்னச் சின்னப் பாரத்தை ஓயாமல் ஏற்றி இறக்கினால் ஒருநாள் முறிந்துவிடும், நீங்கள்தானே எங்களுக்கெல்லாம் சொன்னீர்கள் என்றேன். கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

"உவமையெல்லாம் வேண்டாம் சார். இரும்புக்கு வலிக்காது. எனக்குக் கால் வலிக்குது. அந்த ஸ்டூலைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."

தள்ளினேன். காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டார். வெளியே சரக்கு ரயில் ஒன்று நெடுநேரம் போய்க்கொண்டிருந்தது. கிளம்பும்போது, "வாரேனுங்க மேடம்" என்றேன். "வாங்க" என்றார். அவ்வளவுதான்.

அடக்கத்துக்குப் போனபோது பள்ளிவாசல் தெருவில் நம் மாணவர்கள் சிலரைப் பார்த்தேன். கார்த்தி வந்திருந்தார். தள்ளி ஒரு மனிதர் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றார். நரைத்துப்போயிருந்ததால் அடையாளம் தெரியவில்லை. அவரே வந்து, "நான்தானுங்க வேலுசாமி" என்றார். பவுண்டரி வேலையை விட்டுவிட்டு இப்போது பால் வண்டி ஓட்டுகிறார். அடக்கம் முடியும்வரை இருவரும் மையவாடிச் சுவரோரம் நின்றிருந்தோம்.

"கோர்ட்டுல அந்தம்மா பேசினதுல எனக்குப் பாதி புரியலைங்க சார். 'நான் எழுதிப்போட்டேன்'னு சொன்னாங்க பாருங்க, அது மட்டும் புரிஞ்சுது. எல்லாரும் அடுத்தவன் மேல கை காட்டிக்கிட்டிருந்தப்ப, அந்தம்மா மட்டும் தன்னைக் காட்டுனாங்க."

மண் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"அதுக்கு முந்தி ரங்கன் ஊட்டுப் பக்கமே நான் போனதில்லைங்க. செல்வி மூஞ்சியில முழிக்கத் தைரியம் இல்லை. அன்னிக்குக் கோர்ட்டுல இருந்து நேரா அங்கதானுங்க போனேன். 'நில்லுன்னு சொன்னது நான்தான்'னு சொன்னேன். அது அழுதுச்சு. நானும் அழுதேன். அதுக்கப்புறம்தானுங்க எனக்கு ஒழுங்காச் சோறு இறங்குச்சு."

மேடம் செல்வி வீட்டுக்குப் போவதற்கு முன்பே வேலுசாமி போய் வந்திருக்கிறார். மேடத்துக்கு இது கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால் அவர் பாரம் குறைந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். குறைந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. "நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த பட்டறைக்குக் கிளம்பியிருப்பார்.

அவரிடமிருந்து எனக்கென்று என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்டால், பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை. துணிச்சலும் வரவில்லை. ஒரு தொந்தரவு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் நம் ஆய்வகத்துக்குக் காற்றழுத்த எந்திரம் ஒன்று புதிதாக வந்தது. அதன் கலன்மேல் ஒட்ட ஓர் எச்சரிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். "அழுத்தம் உள்ளபோது மூடியைத் திறக்காதீர்" என்று எழுதினேன். பிழையில்லாத தமிழ். எழுதி முடித்ததும் அந்தத் தொந்தரவு ஆரம்பித்தது. ஆய்வகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த மாராத்தாளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, கவலையோடு கேட்டார்.

"எனக்குப் பிரஷர் இருக்குதுங்க சார். மாத்திரை சாப்பிடறேன். நான் இதைத் தொடக் கூடாதுங்களா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். எனக்கும் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எடுத்தேன். "உள்ளே காற்று அடைத்திருக்கிறது. திறந்தால் மூடி தெறித்து அடிக்கும்" என்று எழுதி, மறுபடியும் மாராத்தாளுக்குப் படித்துக் காட்டினேன்.